வீட்டுக்காரர் சுக்காய் பிந்துவையும் கட்டச் சொல்கிறார், என்ன செய்வது?

செந்தூல் அம்மா:
வணக்கம். கோலாலம்பூர் செந்தூலில் ஒரு பழைய ஃப்ளாட்டில் நான்கு வருடமாக வாடகைக்கு இருக்கிறோம், மாதம் 850 வெள்ளி (ரிங்கிட்). லாரி ஓட்டிக்கொண்டிருந்த என் கணவருக்கு ஐந்து மாதத்துக்கு முன் ஸ்ட்ரோக் வந்து இடது பக்கம் விளங்காமல் போய்விட்டது, வயது 47. தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் கொடுத்தால் பிடித்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார், அது நழுவி மடியில் கொட்டுகிறது. நான் கிளீனர் வேலை செய்கிறேன், 1,700 சம்பளம். பிள்ளைகள் இரண்டு பேரும் பள்ளியில். இந்த நிலையில் போன வாரம் வீட்டுக்காரர் சுக்காய் பிந்து (வீட்டு வரி) பில்லைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, இதையும் நீங்கள்தான் கட்ட வேண்டும், இல்லையென்றால் பூட்டை மாற்றிவிடுவேன் என்கிறார். வாடகைக்கோ இந்த வரிக்கோ அரசாங்க உதவி இருக்கிறதா? எங்களுக்கு எஸ்டிஆர் (குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசாங்கம் தரும் ரொக்க உதவி) மட்டும்தான் வருகிறது.

பழைய கிராணி:
சகோதரி, பயந்துபோய் அந்தப் பில்லை உடனே கட்டிவிடாதீர்கள். சுக்காய் பிந்து வீட்டின் மேல் போடும் வரி. அந்த வீடு வருடத்துக்கு எவ்வளவு வாடகைக்குப் போகும் என்று மதிப்பிட்டுப் போடுகிறார்கள், குடியிருப்பவரின் சம்பளத்தைப் பார்த்து அல்ல. பில் உரிமையாளர் பெயரில்தான் வரும், பிப்ரவரி கடைசிக்குள் ஒரு தடவை, ஆகஸ்டு கடைசிக்குள் ஒரு தடவை கட்ட வேண்டும். வாடகைக்காரர் கட்டுவார் என்று அக்ரிமெண்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் அது வேறு விஷயம், அதனால் இன்றைக்கே எடுத்து வாசியுங்கள், ஸ்டாம்ப் செய்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

பூட்டை மாற்றுவது அவர் இஷ்டத்துக்குச் செய்யக்கூடியது இல்லை. வாடகைக்காரரை வெளியேற்ற கோர்ட் உத்தரவு வேண்டும், 1950-ஆம் ஆண்டு ஸ்பெசிபிக் ரிலீஃப் சட்டத்தின் 7(2) பிரிவு அதைத்தான் சொல்கிறது. அந்த வாட்ஸ்அப்பை அழித்துவிடாதீர்கள். மிரட்டல் தொடர்ந்தால் பார் கவுன்சிலின் (வக்கீல்கள் மன்றம்) சட்ட உதவி மையத்துக்குப் போங்கள்.

பிபிஆர் வீட்டுக்காரி:
அக்கா, தனியார் வீட்டு வாடகையை மாதாமாதம் கட்டித்தரும் பொதுத் திட்டம் நம் நாட்டில் இல்லை, அதனால் வாடகையே குறைவாக இருக்கும் வீட்டுக்கு மாறுவதுதான் வழி. டிபிகேஎல்லின் (கோலாலம்பூர் மாநகராட்சி) பிபிஆர் வீட்டுக்கு, அதாவது ஏழைகளுக்கான மலிவு வாடகை அடுக்குமாடி வீட்டுக்கு, மாதம் 124 வெள்ளிதான், மூன்று அறை. குடும்ப வருமானம் 3,000-க்குள் இருக்க வேண்டும், உங்களுக்குத் தாராளமாகப் பொருந்தும். நான் மனு போட்டு வீடு கிடைக்கும் வரை நிறைய பொறுத்திருக்க வேண்டியிருந்தது, அதனால் இப்போதே போடுங்கள். சம்பளச் சீட்டு, திருமணப் பத்திரம், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், அண்ணனின் ஆஸ்பத்திரி ரிப்போர்ட் எல்லாம் இரண்டு இரண்டு காப்பி எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்குப் படி ஏற முடியாது என்பதைச் சொல்லி கீழ் மாடி வேண்டும் என்று எழுதியே கொடுங்கள்.

அப்புறம் சமூக நல இலாகாவில் ஓகேயூ கார்டுக்கும் (மாற்றுத்திறனாளி அட்டை) மாத உதவிக்கும் மனு செய்யுங்கள், ஏழைக் குடும்பங்களின் அரசாங்கப் பதிவான இ-காசிஹ்விலும் பதிந்துவிடுங்கள். அதில் பரம ஏழை என்று பதிவானால் கரண்டு பில்லில் மாதம் 40 வெள்ளி வரை கழிவு கிடைக்கும். எந்தக் கவுண்டர் என்று தெரியாவிட்டால் அரசாங்கத்தின் உதவித் தொலைபேசி எண் 15999-க்கு அழையுங்கள்.

லாரி தம்பி:
அண்ணனின் சம்பளத்தில் சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சந்தா) பிடித்தார்களா? இதை யாருமே கேட்கவில்லை! வேலை நேரத்தில் அடிபட்டால்தான் சொக்சோ என்று நம்மில் நிறைய பேர் நினைக்கிறோம், ஆனால் சொக்சோவின் இலாட் (இயலாமை) பென்ஷன் நோயினால் வேலை செய்ய முடியாமல் போனவருக்கும் உண்டு, 60 வயது ஆகியிருக்கக் கூடாது. மனு கொடுக்கும் மாதத்துக்கு முந்தைய 40 மாதங்களில் 24 மாதமாவது சந்தா கட்டியிருந்தால் முழுத் தகுதி. மனு கொடுக்கும் மாதத்திலிருந்துதான் பின்னோக்கி எண்ணுகிறார்கள், அதனால் வேலை நின்றபின் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் வெறும் மாதமாகக் கணக்கில் சேரும். ஏற்கெனவே ஐந்து போய்விட்டது அக்கா, இந்த வாரமே போங்கள். ஈபிஎஃப் (சேமநிதி) பணத்தையும் உடல் இயலாமை காரணத்துக்காக எடுக்கலாம்.

செந்தூல் அம்மா:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அக்ரிமெண்டைத் தேடி எடுத்துவிட்டேன், தண்ணீரும் கரண்டும் எங்கள் பொறுப்பு என்று இருக்கிறது, சுக்காய் பிந்து பற்றி ஒரு வரி கூட இல்லை. அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து வீட்டுக்காரருக்கு மரியாதையாகவே அனுப்பியிருக்கிறேன். சொக்சோ பற்றி இவருக்கே தெரியவில்லை தம்பி, ஆனால் பழைய சம்பளச் சீட்டுகளை மைலோ டின்னில் போட்டு வைத்திருக்கிறார், மேலே இருந்த மூன்றிலும் சொக்சோ பிடித்த கணக்கு இருக்கிறது. வியாழக்கிழமை லீவு கேட்டிருக்கிறேன், டின்னோடு போகிறேன்.