கான்செர்ட்டா ஆரம்பித்ததிலிருந்து மகன் சாப்பிடுவதில்லை, சாயங்காலம் ஒரே அழுகை. மருந்தை மாற்றச் சொல்லலாமா?

செங்காங்_அம்மா:
சிங்கப்பூரில் இருக்கிறோம், மகன் தொடக்கநிலை 3 (மூன்றாம் வகுப்பு). பாலிகிளினிக் மூலம் மருத்துவமனைக்குப் போய், ஏடிஹெச்டி (கவனக்குறைவும் மிகைத் துறுதுறுப்பும்) என்று உறுதியாகி, கான்செர்ட்டா 18 மி.கி. கொடுத்திருக்கிறார்கள். காலை 6 மணிக்குப் போடுகிறான். பள்ளியில் நல்ல மாற்றம், வகுப்பில் எழுந்து நடப்பது குறைந்திருக்கிறது, எடுத்த கணக்கை முடிக்கிறான் என்று டீச்சரே போன் செய்து சொன்னார். ஆனால் கொடுத்தனுப்பும் சாப்பாடு அப்படியே திரும்பி வருகிறது, மாணவர் பராமரிப்பு நிலையத்திலிருந்து வீட்டுக்கு வந்ததும் தொட்டதற்கெல்லாம் கோபம், அழுகை, ராத்திரி 11 ஆனாலும் தூக்கம் இல்லை. மாத்திரையை விழுங்கவும் படாத பாடு படுகிறான். இடித்துத் தேனில் குழைத்துக் கொடுக்கலாமா? மாமியார் "மருந்து கொடுத்துப் பிள்ளையை மந்தமாக்கிட்டே" என்கிறார், கணவர் நிறுத்திவிடலாம் என்கிறார். டிசம்பரில் திருச்சிக்கு வேறு போகிறோம்.

இரு_பிள்ளை_அப்பா:
முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன் சகோதரி, தயவுசெய்து இடிக்காதீர்கள். கான்செர்ட்டா கிட்டத்தட்ட 12 மணி நேரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மருந்தை விடுகிற மாதிரி செய்த மாத்திரை, இடித்தால் மொத்தமும் ஒரேயடியாக உடம்பில் இறங்கிவிடும். விழுங்க முடியவில்லை என்றால் ரிட்டலின் எல்ஏ பற்றி டாக்டரிடம் கேளுங்கள். உள்ளே இருப்பது கான்செர்ட்டாவில் இருக்கும் அதே மெத்தில்ஃபெனிடேட் மருந்துதான், ஆனால் கேப்சூல். அதைத் திறந்து உள்ளிருக்கும் மணிகளை ஆப்பிள் கூழில் தூவி, மெல்லாமல் விழுங்கச் சொல்லலாம், சூடான எதிலும் போடக்கூடாது. அது 8 மணி நேரம் போல வேலை செய்யும். காலை 6 மணிக்குக் கொடுத்தால் மதியத்துக்கு மேல் வேகம் குறைந்து ராத்திரிப் பசியும் தூக்கமும் திரும்ப வாய்ப்பு உண்டு. பராமரிப்பு நிலையத்தில் வீட்டுப்பாடம் செய்யும் நேரத்துக்கு மருந்து பத்தாது, அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொல்லும் அழுகையும் அந்த நேரக் கணக்கில்தான் வருகிறது பாருங்கள். காலை 6 மணி மருந்து சாயங்காலம் 6 மணிவாக்கில் இறங்கும், அந்த இறக்கத்தில் சில பிள்ளைகளுக்கு எரிச்சல் வரும். என் சின்னவனுக்கும் இதே கதைதான். வந்ததும் கேள்வி கேட்காமல் சாப்பிடக் கொடுத்து, அரை மணி நேரம் அவன்போக்கில் விட்டுவிடுவோம்.

ஜூரோங்_தமிழ்ச்செல்வி:
சாப்பாட்டுக்கு: மருந்துக்கு முன்னால் காலையில் முட்டை, இட்லி, மைலோ என்று வயிறு நிறையக் கொடுத்துவிடுங்கள், மதியம் சாப்பிடாததற்குத் திட்டாதீர்கள், ராத்திரி பசி வந்தால் 9 மணியானாலும் கொடுங்கள். உயரமும் எடையும் ஒவ்வொரு தடவையும் பார்க்கிறார்களா என்று கேளுங்கள், இரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும்கூட.

என் மகளுக்கு மெத்தில்ஃபெனிடேட் ஒத்துக்கொள்ளவில்லை, கண் சிமிட்டும் பழக்கம் ரொம்ப அதிகமாகிவிட்டது. அட்டோமொக்ஸெட்டினுக்கு மாற்றினார்கள். இது மெத்தில்ஃபெனிடேட் போல மூளையைத் தூண்டும் ஊக்கி மருந்து இல்லை, போட்ட அன்றே பலன் தெரியாது, முழுப் பலன் தெரியச் சில வாரம் பிடிக்கும். ஆரம்பத்தில் வயிற்றுப் பிரட்டலும் சோர்வும் இருந்தன. இந்தக் கேப்சூலைத் திறக்கக் கூடாது என்பதால், விழுங்க முடியாத உங்கள் மகனுக்கு முதலில் இதைக் கேட்க மாட்டேன்.

நிறுத்துவதோ மாற்றுவதோ நீங்களாகச் செய்யாதீர்கள். அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்கவும் வேண்டாம், மருத்துவமனைக்குப் போன் செய்து அழுகை, தூக்கம், சாப்பாடு மூன்றையும் சொல்லுங்கள், முன்னதாகவே கூப்பிட வாய்ப்பு உண்டு.

பழைய_டீச்சர்:
மாமியார் சொன்னதை ஒதுக்கிவிடாதீர்கள் அம்மா. பிள்ளை நாள் முழுக்கச் சிரிக்காமல், பேசாமல், பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தால் அது மருந்தின் வெற்றி இல்லை, அளவு கூடியிருக்கலாம், இல்லை அந்த மருந்தே பொருந்தவில்லை. சாயங்காலம் மட்டும் என்றால் அது வேறு. எந்த நேரத்தில் எப்படி இருந்தான், என்ன சாப்பிட்டான், எப்போது தூங்கினான் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள், வகுப்பாசிரியரிடமும் வாரம் ஒருமுறை கேளுங்கள். "சரியில்லை" என்று மட்டும் சொன்னால் டாக்டரால் எதையும் முடிவு செய்ய முடியாது. அடுத்த தடவை கணவரையும் அழைத்துப் போங்கள், அவர் கேட்க வேண்டியதை அவரே கேட்கட்டும். ஸ்பார்க் என்று ஏடிஹெச்டி பெற்றோர் ஆதரவுக் குழு ஒன்று இங்கே இருக்கிறது, அங்கேயும் பேசிப் பாருங்கள்.

இரு_பிள்ளை_அப்பா:
திருச்சிப் பயணம் விட்டுப்போனது. மெத்தில்ஃபெனிடேட் இங்கே கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. டாக்டரிடம் பயணக் கடிதம் வாங்கி, மருந்தைப் பெயர் ஒட்டிய அதே பெட்டியில், கைப்பையில் வையுங்கள். தேவையான அளவு இங்கிருந்தே கொண்டுபோங்கள், ஊரில் வாங்கிக் கொண்டுவர வேண்டாம்.