துணி காயும் கழியில் மோதிய ட்ரோன்: புகார் கொடுப்பதா, பேசித் தீர்ப்பதா?

சுவாசூகாங்வாசி

நேற்று சாயங்காலம் 6 மணி வாக்கில், சிங்கப்பூர் சுவா சூ காங்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குப் பின்னால் இருக்கும் புல்தரையில் ட்ரோன் விட்டேன். பெட்டியில் 249 கிராம் என்று போட்ட சின்னதுதான். மகன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். ஆறாவது மாடி உயரத்தில் நிறுத்தி வைத்திருந்தபோது திடீரென்று காற்று ஒரு தள்ளு தள்ளியது, சுவர்ப்பக்கம் போய் யாரோ துணி காயப் போட்டிருந்த கழியில் மோதிக் கீழே விழுந்தது. கீழே நடைபாதையில் ஒரு பாட்டி போய்க்கொண்டிருந்தார். தெறித்த இறக்கைத் துண்டு ஒன்று அவர் முன்கையில் கீறிவிட்டது. விரல் நீளத்துக்குக் கீறல், இரத்தம் மணிக்கட்டு வரை வழிந்தது. ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டேன், என் கைக்குட்டையால் கட்டிவிட்டேன். "பரவாயில்லப்பா, நீ பயப்படாதே" என்று அவர் என்னைத் தேற்றினார். மேலே கழியில் ஒரு வெள்ளைச் சட்டை கிழிந்து தொங்கியது.

மனைவி போலீஸில் சொல்லச் சொல்கிறார். கூட வேலை செய்யும் நண்பர் வேண்டவே வேண்டாம் என்கிறார். இரவெல்லாம் தூக்கமில்லை. என்ன செய்யலாம்?

எதார்த்தன்

நண்பர் சொல்வதைக் கேளுங்கள். பாட்டியை மருந்தகத்துக்கு (கிளினிக்) கூட்டிப் போங்கள், செலவு முழுக்க உங்களுடையது. பழம் வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய் குடும்பத்தாரிடம் பேசுங்கள். சட்டைக்குப் பணம் கொடுங்கள். அத்தோடு முடிந்தது. ஒரு கீறலுக்காகப் போலீஸ், விசாரணை, வாக்குமூலம் என்று போனால் ஆறு மாதம் நிம்மதி போய்விடும். மன்னித்துவிட்ட ஒருவரை ஏன் சாட்சி ஆக்க வேண்டும்?

தாதிமலர்

நான் தாதி (நர்ஸ்), அதனால் முதலில் பாட்டியைப் பற்றித்தான் கேட்பேன். தலையில் ஏதாவது பட்டதா? இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா? அந்த மாத்திரை சாப்பிடும் வயதானவர்களுக்குத் தலையில் லேசாகத் தட்டினாலே உள்ளே இரத்தம் கசியலாம், அடி பட்ட அன்று நன்றாகப் பேசிக்கொண்டிருப்பார், மறுநாள் மயங்குவார். "பரவாயில்ல" என்று அவர் சொன்னது உங்கள் முகத்தைப் பார்த்துச் சொன்னது தம்பி, அது மருத்துவர் சொன்ன வார்த்தை இல்லை. இன்றே கூட்டிப் போங்கள். கீறலைச் சுத்தம் செய்து, டெட்டனஸ் ஊசி தேவையா என்று பார்ப்பார்கள். உள்ளே பிளாஸ்டிக் துணுக்கு எதுவும் தங்கியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

புகாரைப் பற்றி ஒன்று. மருத்துவர் எப்படி அடிபட்டது என்று கேட்பார். அங்கே பாட்டியைப் பொய் சொல்ல வைக்காதீர்கள்.

விசிறிக்குமரன்

நான் கட்டட வெளிச்சுவர்களை ட்ரோன் வைத்துச் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். எதார்த்தன் அண்ணன் சொல்வதை முழுக்க எதிர்க்கிறேன், ஆனால் அதற்கு முன் சுவாசூகாங்வாசி, மூன்று விஷயம் அவசரம்.

பேட்டரி எங்கே இருக்கிறது? விழுந்த லித்தியம் பேட்டரி வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கும், உள்ளே தகடுகள் நசுங்கி ஒன்றோடொன்று தொட்டிருந்தால் சில மணி நேரம் கழித்துக்கூடத் தீப்பிடிக்கும். சார்ஜில் போடாதீர்கள். கட்டிலுக்கடியில், அலமாரியில் வைக்காதீர்கள். தகர டப்பாவில் மணல் போட்டு அதில் வையுங்கள், பக்கத்தில் எரியக்கூடிய எதுவும் இருக்க வேண்டாம். உப்பியிருந்தாலோ சூடாக இருந்தாலோ புகை வந்தாலோ தீயணைப்புக்கு 995-ஐ அழையுங்கள்.

அடுத்தது, ட்ரோனைத் திரும்ப ஆன் செய்து பார்க்காதீர்கள். எல்லாருக்கும் கை பரபரக்கும், "ஓடுகிறதா பார்ப்போம்" என்று. ஆன் செய்தால் உள்ளே புதுப் பதிவு எழுதத் தொடங்கும். மெமரி கார்டை அப்படியே விடுங்கள். தொலைபேசிச் செயலியில் நேற்றைய பறப்புப் பதிவு இருக்கும், அதில் உயரம், காற்று எச்சரிக்கை, நீங்கள் ரிமோட்டின் குச்சியை எந்தப் பக்கம் தள்ளினீர்கள் என்பதுவரை நொடி நொடியாக இருக்கும். செயலியை அழிக்கவோ புதுப்பிக்கவோ வேண்டாம்.

மூன்றாவது, இப்போதே ஒரு தாளில் நடந்ததை எழுதுங்கள். மணி, நீங்கள் நின்ற இடம், காற்று, விழுந்த இடம், யார் பார்த்தார்கள். நாளைக்கு எழுதினால் மனம் தனக்குச் சாதகமாகத் திருத்திவிடும், எனக்கே நடந்திருக்கிறது.

எதார்த்தன்

குமரன், இதெல்லாம் சரி. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டீர்களே. அவர் இருப்பது சுவா சூ காங். தெங்கா விமானப்படைத் தளம் எவ்வளவு தூரம்?

விசிறிக்குமரன்

விடவில்லை, அதற்குத்தான் வந்துகொண்டிருந்தேன். விமான நிலையத்துக்கோ படைத்தளத்துக்கோ 5 கிலோமீட்டருக்குள் அனுமதி இல்லாமல் விடக்கூடாது. வேறு இடத்தில் என்றாலும் 200 அடிக்கு மேல் போகக்கூடாது. இதற்கு எடைக் கணக்கே கிடையாது. 249 கிராம் என்றால் பதிவு செய்யத் தேவையில்லை, அவ்வளவுதான். நிறைய பேர் "250-க்குக் கீழே, எனக்குச் சட்டமே இல்லை" என்று நினைத்துக்கொள்கிறார்கள். சுவாசூகாங்வாசி, இறக்கைக்குக் காப்பு வளையம் மாட்டியிருந்தீர்களா?

சுவாசூகாங்வாசி

மாட்டியிருந்தேன். மகன் பக்கத்தில் நிற்கிறானே என்றுதான். மோதியதில் ஒரு பக்க வளையம் கழன்றுவிட்டது. 5 கிலோமீட்டர் விஷயம் சத்தியமாக எனக்குத் தெரியாது. இப்போதுதான் அரசின் இணைய வரைபடமான ஒன்மேப்பில் ட்ரோன் வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். எங்கள் புளோக் உள்ளேதான் வருகிறது.

விசிறிக்குமரன்

வளையத்தோடு சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். பறக்கும்போது இருக்கும் மொத்த எடைதான் கணக்கு. 250 தாண்டினால் பதிவும் தேவைப்பட்டிருக்கும். நல்ல எண்ணத்தில் மாட்டியதுதான், இருந்தாலும் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

எதார்த்தன்

இப்போது புரிகிறதா நான் ஏன் வேண்டாம் என்கிறேன் என்று? அனுமதியில்லாமல் அந்த வட்டத்துக்குள் விட்டதற்கு முதல் தடவையே 50,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். ஒரு குடும்பஸ்தரை நீங்களே கையைப் பிடித்துக் கூட்டிப்போய் உள்ளே விடப் பார்க்கிறீர்கள். அவருக்கு எந்த அனுமதிச் சீட்டு என்று கேட்டீர்களா? வேலை அனுமதியில் இருக்கும் ஒருவருக்கு அபராதத்தைவிட, நாளைக்கு அது புதுப்பிக்கப்படுமா என்ற பயம் பெரிது. ஊரில் கடன், இங்கே வாடகை. நேர்மையின் விலை எல்லாருக்கும் ஒன்றல்ல. என்னோடு தங்கியிருந்த ஒருவர் வேறொரு சின்ன விஷயத்தில் தானாகப் போய்ச் சொல்லி எட்டு மாதம் சோறு இறங்காமல் கிடந்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தவன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அதுவுமில்லாமல் அமெரிக்காக்காரர் ஒருவர் வீடியோவில் தெளிவாகச் சொன்னார், பலத்த காயமோ 500 டாலருக்கு மேல் சேதமோ இருந்தால்தான் தெரிவிக்க வேண்டும், அதற்கும் 10 நாள் அவகாசம். இங்கே ஒரு கீறலும் ஒரு சட்டையும்.

விசிறிக்குமரன்

அது அமெரிக்காவின் விதி அண்ணா, அங்குள்ள விமானத்துறை தன் பைலட்களுக்கு வைத்தது. இந்தியாவில் 2021 ட்ரோன் விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் டிஜிட்டல் ஸ்கை தளத்தில் தெரிவிக்க வேண்டும். சுவா சூ காங்கில் இரண்டும் செல்லாது. இங்கே நமக்கு சிங்கப்பூர் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம்தான். ஆளுக்குக் காயம் என்றால் காவல்துறை. என்னைப்போல் அனுமதி வாங்கி வேலை செய்பவர்களுக்கு அனுமதியோடு வரும் நிபந்தனைகளும் உண்டு, அவற்றைக் கையில் வைத்துக்கொண்டுதான் களத்துக்குப் போவோம்.

தண்டனை பெரிதாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 2019 ஜூன் 18, 19-இல் சாங்கி விமான நிலையம் பக்கம் ட்ரோன்கள் பறந்ததால் 37 விமானங்கள் தாமதமாயின. அடுத்த வாரமே, 24-ஆம் தேதி, மறுபடி ட்ரோன்களாலும் மோசமான வானிலையாலும் 18 விமானங்கள் தாமதம், 7 விமானங்கள் வேறு இடத்துக்குத் திருப்பப்பட்டன. அதற்கப்புறம்தான் பதிவு, பயிற்சி எல்லாம் வந்தன. 2025 டிசம்பர் 1 முதல் 250 கிராமுக்கு மேற்பட்டவை பறக்கும்போதே தம் அடையாளத்தை ஒலிபரப்ப வேண்டும். அண்ணன் சொன்ன 50,000 வெள்ளி உச்சவரம்பு. எல்லாருக்கும் அதையே விதிப்பார்கள் என்று அர்த்தமில்லை. தானாக வந்து சொன்னவரையும், பாட்டியின் மகள் புகார் கொடுத்தபின் தேடிக் கண்டுபிடிக்கப்பட்டவரையும் ஒரே கண்ணால் பார்ப்பார்களா? பத்து மாடி ஜன்னல் திறந்திருந்த நேரம் அது, யார் வேண்டுமானாலும் பார்த்திருக்கலாம்.

தாதிமலர்

எதார்த்தன், வேலை அனுமதிக்காரரின் பயத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. என் அண்ணன் அப்படி வந்தவர்தான். ஆனால் நீங்கள் கேட்பது பாட்டியிடம் இருந்து ஒரு மௌனத்தை. பழத்தட்டோடு வாசலில் வந்து நிற்கும் ஒருவரிடம் எழுபது வயதுக்காரர் எப்படி "வேண்டாம், நான் புகார் கொடுக்கப் போகிறேன்" என்பார்? கை வீங்கி இரண்டு வாரம் கழித்து மருத்துவமனையில் படுத்தால், எப்படி நடந்தது என்று காட்ட அவரிடம் எந்தத் தாளும் இருக்காது. பழம் கொடுங்கள், செலவும் கொடுங்கள். அதற்குப் பதிலாக எதையும் கேட்காதீர்கள்.

எதார்த்தன்

அது சரி. அந்த இடத்தில் நான் யோசிக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அவர் தனியாகப் போய் வாக்குமூலம் கொடுப்பதை ஏற்க மாட்டேன். முதலில் ஒரு வழக்கறிஞரிடம் பேசட்டும். இலவச சட்ட ஆலோசனை நடக்கிறது, வெட்கப்படாமல் போகலாம்.

விசிறிக்குமரன்

வழக்கறிஞரைப் பார்ப்பதில் எனக்கு மறுப்பே இல்லை. அதற்காகப் பத்து நாள் தள்ளிப்போட வேண்டாம். நடந்தது எது, தான் ஊகிப்பது எது என்று பிரித்துச் சொல்லச் சொல்லுங்கள். "காற்று தள்ளியது" என்பது ஊகம். "குச்சியைத் தொடாதபோது சுவர்ப்பக்கம் நகர்ந்தது" என்பது நடந்தது. சுவருக்கு அவ்வளவு பக்கத்தில் ஜிபிஎஸ் சிக்னல் பாதி மறைந்துவிடும், கட்டடக் கம்பிகள் திசைகாட்டியைக் குழப்பும். காற்றா, அதுவா என்று பறப்புப் பதிவைப் பார்த்தால்தான் தெரியும்.

சுவாசூகாங்வாசி

எல்லாருக்கும் நன்றி. மூன்று நாளாக எழுத நேரமில்லை.

பாட்டியை, இங்கே எழுதிய அன்று மாலையே மருந்தகத்துக்கு அழைத்துப் போனேன். தலையில் எதுவும் படவில்லை. சுத்தம் செய்து ஊசி போட்டார்கள். அவர் மகள் வேலை முடிந்து நேரே அங்கே வந்தார், கோபப்பட்டார், கோபப்பட வேண்டியதுதான். நான் போலீஸுக்குப் போகிறேன் என்று சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம் "நானும் வரவா" என்று கேட்டார்.

மறுநாள் காலை தொலைபேசியில் ஒரு வழக்கறிஞரிடம் பேசிவிட்டு, மத்தியானம் அக்கம்பக்கக் காவல் நிலையத்துக்குப் போனேன். தாளில் எழுதி வைத்திருந்தது மிகவும் உதவியது, கை நடுங்கினாலும் மணி, இடம் எதுவும் மாறாமல் சொன்னேன். வளையத்தோடு 290 கிராம் வந்தது, அதையும் சொன்னேன். ட்ரோனையும் கார்டையும் வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார்கள். அன்றிரவே விமானப் போக்குவரத்து ஆணையத்துக்கும் நடந்ததை எழுதி அனுப்பினேன். மறுபடி கூப்பிடுவோம் என்றிருக்கிறார்கள். அபராதம் வரலாம். வந்தால் கட்டவேண்டியதுதான்.

ஆறாவது மாடி வீட்டுக்காரர் மலாய்க்காரர். கிழிந்தது அவர் மகனின் பள்ளிச் சட்டை. சட்டைக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார், கழிக்கு வேண்டாம் என்றார்.

எதார்த்தன்

நல்லது. கடிதம் ஏதாவது வந்தால் இங்கே எழுதுங்கள், வழக்கறிஞரிடம் காட்டாமல் பதில் அனுப்பாதீர்கள். வேலை அனுமதியில் இருப்பவர் ஒருவர் இதே கேள்வியோடு வந்தால் நான் இன்னமும் முதலில் அந்த அனுமதியைப் பற்றித்தான் கேட்பேன்.

விசிறிக்குமரன்

கேளுங்கள் அண்ணா, கேட்க வேண்டியதுதான். சுவாசூகாங்வாசி, பேட்டரியையும் அவர்களே வாங்கிக்கொண்டார்களா?

சுவாசூகாங்வாசி

ஆமாம், பிஸ்கட் டப்பாவோடு.