செங்குத்து மலைப்பாதைக்கு இரண்டு ஸ்ரோக்கா, நான்கு ஸ்ரோக்கா?

கேள்வி: பருத்தித்துறை

வணக்கம். மலையகத் தேயிலைத் தோட்டங்களின் கல்லும் மண்ணுமான செங்குத்துப் பாதைகளில், நிர்வாகங்களின் அனுமதியோடு மோட்டார் சைக்கிளில் ஏறிப் பழக விரும்புகிறேன். யமஹா டிடி 125 (இரண்டு ஸ்ரோக், அதாவது பிஸ்டனின் இரண்டு அசைவுக்கு ஒருமுறை எரியும் இயந்திரம்), ஹொண்டா எக்ஸ்ஆர் 250 (நான்கு ஸ்ரோக், நான்கு அசைவுக்கு ஒருமுறை எரிவது) ஆகிய இரண்டும் விலைக்கு வந்துள்ளன. மணற்காட்டுப் பக்கத்து மணலில் ஓட்டிப் பார்த்தபோது டிடி இலகுவாகப் பாய்ந்தது. எக்ஸ்ஆர் பாரமாகத் தெரிந்தது. மலைக்கும் இது பொருந்துமா? அனுபவமுள்ள அண்ணாமார் விளக்கினால் நன்றியுடையேன்.

பதில்: கோண்டாவில்

தம்பி, மணலில் கண்டதை வைத்து மலைக்கு முடிவெடுக்க வேண்டாம். மணலில் சில்லு புதையாதிருக்க இயந்திரம் உயர்ந்த வேகத்தில் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும். சிறிய இரண்டு ஸ்ரோக்கின் வலு திரண்டிருப்பதும் அங்கேதான். மலைப்பாதையிலோ, ஒரு கல்லைச் சுற்றும்போதோ வளைவில் திரும்பும்போதோ வேகம் விழுகின்ற அந்தக் கணத்தில் இயந்திரம் எவ்வளவு இழுக்கிறது என்பதே முக்கியம். அப்போது 125 தளர்ந்துவிடும். கிளச்சை நழுவவிட்டு வேகத்தை எழுப்பினால் வலு திடீரெனப் பாய்ந்து பின்சில்லு வழுக்கும். எக்ஸ்ஆர் குறைந்த வேகத்திலேயே சீராக இழுக்கும்.

இறக்கத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நான்கு ஸ்ரோக்கில் கியரே வண்டியைப் பிடித்து வைக்கும். இரண்டு ஸ்ரோக்கில் அந்தப் பிடி மிகக் குறைவு என்பதால் பிரேக்கை நம்பியே இறங்க வேண்டும்.

உயரமும் உண்டு. காற்று ஐதாவதால் ஒவ்வொரு 1000 மீற்றருக்கும் ஏறத்தாழ 10 சதவீத வலு குறையும். நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் உள்ளது. கடல்மட்டத்துக்குச் சரிசெய்த காபரேற்றர் (பெற்றோலைக் காற்றுடன் கலக்கும் பாகம்) அங்கே பெற்றோலை அளவுக்கு மிஞ்சிக் கொடுக்கும் என்பதால், இரண்டில் எதை வாங்கினாலும் சிறிய மெயின் ஜெட் (காபரேற்றரில் பெற்றோல் பாயும் துளையுள்ள திருகு) ஒன்றைக் கையோடு கொண்டு செல்லுங்கள்.

பதில்: நல்லூர்

அண்ணா சொன்னவை சரி. ஆனால் 125ஐயும் 250ஐயும் ஒப்பிட்டு இரண்டு ஸ்ரோக்கே மலைக்கு ஆகாது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. இயந்திரத்தின் சுழல்தண்டான கிராங்கின் ஒவ்வொரு சுழற்சியிலும் எரிவதால் இரண்டு ஸ்ரோக்குக்கு அதன் கொள்ளளவுக்கு மிஞ்சிய வலு உண்டு. கரடுமுரடான மண்தடத்தில் ஓடும் மோட்டோகுரொஸ் பந்தயத்தின் முதல்நிலைப் பிரிவில் 250 இரண்டு ஸ்ரோக்கை 450 நான்கு ஸ்ரோக்குடன் சேர்த்து ஓடவிட்டதற்கும் காரணம் அதுதான். ஒஸ்ரியாவின் இரும்புச் சுரங்க மலையில் 1995இலிருந்து நடக்கும் எர்ஸ்பேர்க் பந்தயத்தில் 300 சிசி இரண்டு ஸ்ரோக்குகளே நெடுங்காலம் முன்னணியில் நின்றன. பாரம் குறைவு, கவிழ்ந்தால் தூக்கி நிறுத்துவதும் எளிது. களைத்த கைகளுக்கு அது பெரிய உதவி.

பதில்: கோண்டாவில்

300 கிடைத்தால் நானும் அதையே சொல்வேன். தம்பியின் முன்னால் இருப்பது 125 அல்லவா? எக்ஸ்ஆரை எடுத்து, செயினின் முன் பற்சில்லில் ஒரு பல்லைக் குறையுங்கள். பின்னால் மூன்று நான்கு பற்களைக் கூட்டுவதற்கு அது ஏறத்தாழச் சமம், செலவும் குறைவு. வாங்குமுன் குளிர்ந்த இயந்திரத்தை உதைத்து இயக்கிப் பாருங்கள், புகைபோக்கியில் நீலப்புகை வந்தால் விட்டுவிடுங்கள்.