பாய்லர் புகை வீட்டுக்குள் திரும்பிய அனுபவம் உங்களுக்கு உண்டா?

தேவிகுளம்காரன்

போன ஜனவரியில் எங்கள் வீட்டில் நடந்ததை எழுதுகிறேன். மலையில் விறகு பாய்லர் வைத்திருக்கும் எல்லோரும் படிக்க வேண்டும்.

எங்களுடையது பழைய செம்பு பாய்லர். நடுவில் ஒரு குழாய், அதைச் சுற்றித் தண்ணீர், அடியில் கிராண்டிஸ் என்கிற யூகலிப்டஸ் விறகு, மேலே தகரப் புகைக்குழாய். இருபது வருடமாகக் கொல்லைச் சாய்ப்பில்தான் இருந்தது. அம்மாவுக்கு மூட்டுவலி. விடியற்காலைப் பனியில் வெந்நீர் தூக்க முடியவில்லை என்றார். அதனால் குளியலறையை ஒட்டிய சின்ன அறைக்குள் கொண்டுவந்து வைத்தோம். குழாயைக் கூரை வழியாக வெளியே விட்டாயிற்று, புகை போக வழி இருக்கிறது, அப்புறம் என்ன என்று நினைத்தேன். குளிர் வருகிறதென்று ஜன்னல் இடுக்கில் பழைய வேட்டியைத் திணித்ததும் நான்தான்.

அன்று அம்மா குளிக்கப் போய்க் கால்மணி நேரம் ஆகியும் தண்ணீர்ச் சத்தம் இல்லை. கதவைத் தட்டினால் "தலை கனக்குதுடா" என்று மட்டும் குரல் வந்தது. தாழ்ப்பாளை உடைத்துத் தூக்கி வந்து முற்றத்தில் படுக்க வைத்தோம். இரண்டு முறை வாந்தி எடுத்தார். அறையில் கண் எரிகிற அளவுக்குக்கூடப் புகை இல்லை. விறகு எரிந்து கங்காகியிருந்தது. கங்கானதும் கண்ணுக்குத் தெரியும் புகை நின்றுவிடும், கார்பன் மோனாக்சைடு நிற்காது என்பது மருத்துவமனையில்தான் தெரிந்தது. அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் உட்காரும் இடத்தை, ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் அதிகமான பிடிப்போடு பிடித்துக்கொள்ளுமாம். ஆக்ஸிஜன் வைத்தார்கள், மறுநாள் வீட்டுக்கு வந்துவிட்டார். இப்போது நலம்.

ஒரு வாரம் கழித்து, ஆள் யாரும் உள்ளே இல்லாதபோது பாய்லரை மூட்டி, அதன் வாயருகே ஊதுபத்தி பிடித்துப் பார்த்தேன். எல்லாம் சாத்தியிருந்தபோது ஊதுபத்திப் புகை என் முகத்துக்கு நேராக வந்தது. கதவை நாலு விரல் திறந்தேன். புகை கொஞ்சம் தயங்கியது. அப்புறம் அப்படியே வளைந்து வாய்க்குள் நுழைந்து மேலே ஏறிவிட்டது. காற்று உள்ளே வந்தால்தான் புகை வெளியே போகும். இது தெரியாமல்தான் இத்தனை வருடம் இருந்திருக்கிறேன்.

குமுளி ஹோம்ஸ்டே அக்கா

தம்பி, அம்மா பிழைத்தது கடவுள் புண்ணியம். எங்கள் வீட்டுக் கதை வேறு மாதிரி. பின்பக்கத்துப் பாய்லர் வருடக்கணக்கில் ஒழுங்காக எரிந்தது. சமையலறையில் எலக்ட்ரிக் சிம்னி மாட்டிய வாரத்திலிருந்து, தோசை வார்க்கும் நேரத்தில் மட்டும் பாய்லர் புகை வீட்டுக்குள் வந்தது. குழாயில் குருவிக்கூடு என்று நினைத்து இரண்டு முறை கழற்றிப் பார்த்தோம், ஒன்றுமில்லை. கடைசியில் சிம்னி அட்டையைப் படித்தபோதுதான் புரிந்தது: மணிக்கு 1200 கன மீட்டர் காற்றை இழுக்குமாம். எங்கள் சமையலறை மொத்தமே 27 கன மீட்டர்தான் வரும். ஒன்றரை நிமிடத்துக்குள் ஓர் அறைக் காற்று முழுக்க வெளியே போனால், அந்த இடத்தை நிரப்பக் காற்று எங்கிருந்தாவது வந்துதானே ஆக வேண்டும்? ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்ததால் பாய்லர் குழாய் வழியாகவே கீழே இறங்கி வந்திருக்கிறது. இப்போது ஜன்னலைத் திறக்காமல் சிம்னி ஸ்விட்சைத் தொடக்கூடாது என்று சமையல் செய்யும் பெண்ணிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

பீர்மேடு, ஃபேக்டரி ஆள்

தேயிலை ஃபேக்டரியில் பாய்லர் பார்த்து ரிட்டயர் ஆனவன் நான். அக்கா சொன்னது அப்படியே உண்மை. புகைக்குழாய்க்கு என்று தனியாகச் சக்தி கிடையாது. உள்ளே இருக்கும் சூடான வாயு லேசு, வெளியே இருக்கும் குளிர்காற்று கனம். அந்த வித்தியாசம்தான் இழுவை. நாங்கள் அதை U வடிவக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் ஊற்றி, மில்லிமீட்டரில் பார்ப்போம். வீட்டில் 4 மீட்டர் உயரக் குழாய், உள்ளே 150 டிகிரி, வெளியே 15 டிகிரி என்று வைத்தால், ஒன்றரை மில்லிமீட்டர் தண்ணீர் அளவுக்குத்தான் இழுவை வரும். அவ்வளவு மெலிசான சங்கதி. ஒரு ஃபேன், ஒரு மலைக்காற்று, கூடுதலாக ஒரு முழங்கை வளைவு, எதுவும் அதைக் கெடுத்துவிடும்.

பச்சை விறகைப் போடாதீர்கள். வெட்டிய உடனே அதன் எடையில் பாதிக்குப் பாதி தண்ணீர்தான் இருக்கும். அந்த ஈரத்தை ஆவியாக்கவே சூடு போய்விடுவதால் குழாய் சூடேறாது, உள்ளே தார் மாதிரிக் கரி ஒட்டும். 4 அங்குலக் குழாயில் சுற்றிலும் அரை அங்குலம் கரி படிந்தால் வழி 3 அங்குலம் ஆகிவிடும், பரப்பில் கிட்டத்தட்ட பாதி போய்விட்டது என்று அர்த்தம். அந்தக் கரி தீப்பிடிக்கவும் செய்யும். விடியற்காலையில் குழாய் ஜில்லென்று இருக்கும்போது முதலில் ஒரு தாள் செய்தித்தாளைக் கொளுத்தி விடுங்கள், குழாய் சூடான பிறகு விறகு வையுங்கள்.

தேவிகுளம் தம்பி, குழாய் முனை முகட்டைவிட உயரமா, தாழ்வா? அளந்து சொல்லுங்கள்.

பாலக்காடு சித்தூர்

எண்பதுகளில் எங்கள் ஆச்சி வீட்டில் பரிஷத் அடுப்பு போட்டார்கள். கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் கொண்டுவந்த, புகைக்குழாய் வைத்த அடுப்பு. ஆச்சி கண்ணைக் கசக்காமல் சோறு பொங்கியதை அப்போதுதான் பார்த்தேன். வாரம் ஒரு தடவை தேங்காய் மட்டையைக் கயிற்றில் கட்டிக் குழாயில் ஏற்றி இறக்குவார். கரி சல்லடையில் சலித்த மாதிரி கொட்டும். ஆச்சி போன பிறகு யாரும் செய்யவில்லை, அடுப்பு பழையபடி புகைய ஆரம்பித்தது.

இன்னொன்று. மகள் மான்செஸ்டரில் இருக்கிறாள். அங்கே கேஸ் பாய்லரை அலமாரிக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். எப்படி என்று கேட்டால், குழாய்க்குள் குழாய்: உள்குழாய் வழியாகப் புகை வெளியே போகும், வெளிக்குழாய் வழியாகக் காற்று உள்ளே வரும். வீட்டுக் காற்றைத் தொடவே தொடாது. குளிக்கும் அறைக்குள் புகைக்குழாயே இல்லாத கேஸ் கீஸரை மாட்டிவிட்டுப் போகிறவர்கள் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள். ஒரு 14.2 கிலோ சிலிண்டர் முழுவதும் எரிந்தால் 20 லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாக வரும், கூடவே 40 கிலோவுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு. சாத்திய அறைக்குள் இது எங்கே போகும்? தயவுசெய்து அப்படி மாட்ட விடாதீர்கள்.

தேவிகுளம்காரன்

பீர்மேடு அண்ணாச்சி, ஏணி போட்டு அளந்தேன். குழாய் முனை முகட்டைவிட ஒன்றேகால் அடி தாழ்வு. மேல்காற்று அடிக்கும்போது முகட்டைத் தாண்டி நேராகக் குழாய்க்குள் இறங்கியிருக்க வேண்டும்.

தகர வேலைக்காரரிடம் சொல்லிவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை வருகிறார். பாய்லர் மறுபடி சாய்ப்புக்கே போகிறது, குழாய் முகட்டுக்கு மேல் இரண்டடி ஏறுகிறது. அங்கிருந்து குளியலறைக்கு வெந்நீர் வர ஒரு பைப் மட்டும் இழுக்கிறோம். அம்மா தூக்க வேண்டியதில்லை.