புதுப்பிப்பு: ஹெரால்ட் 1200 டாஷ் பலகை போட்டாச்சு

போன மாசம் கேட்டனான், எங்கட டிரையம்ப் ஹெரால்ட் காரின்ர டாஷ் (மீற்றரெல்லாம் பூட்டுற முன் பலகை) வெய்யிலுக்கு வெடிச்சுப் போச்சு, முதிரைப் பலகை ஒரே துண்டா போடலாமோ எண்டு. பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

தனிப் பலகை வேண்டாம், வன்னி வெக்கைக்கு வளையும், மரைன் பிளையில (ஈரம் தாங்கிற ஒட்டுப்பலகை) முதிரை வினியர் (மெல்லிய மரத் தகடு) ஒட்டச் சொன்ன வவுனியா அண்ணையின்ர யோசனைதான் சரிவந்தது. பழைய பலகைய எறியாம அதையே அச்சா வைச்சு மாங்குளத்தில ஓட்டையள் வெட்டுவிச்சன், பின்பக்கத்துக்கும் வெட்டு விளிம்புக்கும் சேத்து வார்னிஷ் அடிச்சது, முன்பக்கம் மட்டும் அடிச்சா ஈரம் பின்னால ஏறி வினியர் கிளம்பும். முதிரையின்ர அந்த மினுக்கம், பாக்கவே மனசு நிறையுது.

எதிர்பாராதது ஒண்டு. பூட்டினாப் பிறகு பெற்றோல் மீற்றரும் ரெம்பரேச்சர் மீற்றரும் உள்ளதை விடக் கூட்டிக் காட்டத் தொடங்கிட்டுது. மீற்றருக்குப் போற வோல்டேஜக் குறைச்சுச் சீரா வைக்கிற வோல்டேஜ் ஸ்டெபிலைசர நான் புதுப் பலகையிலயே முடுக்கிட்டன், மரத்தில எர்த் (காரின்ர இரும்போட இருக்கிற மின் தொடுப்பு) இல்லைத்தானே, எர்த் இல்லாட்டி பற்றரி வோல்டேஜ் குறையாம அப்பிடியே மீற்றருக்குப் போகும். காரின்ர இரும்பு பொடியில (body) இருந்து ஸ்டெபிலைசருக்குத் தனி எர்த் வயர் ஒண்டு இழுத்தன், ரெண்டும் சரியா வந்திட்டுது. வயரில கை வைக்க முதல் பற்றரியக் கழட்டுங்கோ.