99.9 வீதமா? 26 நாளில் 11 நாளா?

உரும்பிராய் மகள்:
நேற்று மின்பொறி என்ற பெயரில் எழுதுபவர் இந்தக் குழுவில் எழுதியது இது: "விரலடையாள இயந்திரத்தின் துல்லியம் 99.9 வீதம். அது விரலை ஏற்கவில்லை என்றால் பிழை விரலில்தான்."
வாசித்ததிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. என் அம்மாவுக்கு 58 வயது. விடியற்காலையில் வெங்காயத் தோட்டம், 8 மணிக்கு ஓர் அலுவலகத்தில் துப்புரவு வேலை. செம்பாட்டு மண்ணும் குளோரினும் தின்ற பெருவிரல் அது. வேலைக்கு வந்ததைப் பதியும் இயந்திரத்தில் அதை வைப்பார், மீண்டும் வைக்கச் சொல்லி ஆங்கிலத்தில் ஒரு பெண்குரல் வரும். சேலைத் தலைப்பில் துடைப்பார். வாயால் ஊதுவார். நெற்றியில் தேய்த்து எண்ணெய்ப்பசை ஏற்றுவார். பின்னால் நிற்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். போன மாதம் 26 வேலை நாளில் 11 நாள் அவர் வரவில்லை என்று பதிவு. அந்தச் சம்பளத்துக்காக லிகிதரிடம் கெஞ்சிக்கொண்டு நின்றார். ஆயிரத்தில் ஒன்று எங்கே, 26இல் 11 எங்கே?

மின்பொறி:
கண்ணீரை அளவுகோலாக்காதீர். 99.9 என்பது ஆயிரக்கணக்கான விரல்களில் சோதித்து எடுத்த எண். ஒருவருடைய ஒரு மாதத்தை வைத்து அதைக் கவிழ்க்க முடியாது. நான்கு வருடம் இதைத்தான் படித்தேன். ஆயிரத்தில் ஒன்று என்றால் ஒன்றுதான்.

கணக்கு ரீச்சர்:
இருவரும் எந்தப் பிழையைச் சொல்கிறீர்கள்? உரிய ஆளைத் தள்ளிவிடுவது ஒரு பிழை. வேற்றாளை உரியவர் என்று ஏற்பது இன்னொரு பிழை. ஒன்றைக் குறைக்க இயந்திரத்தைத் திருத்தினால் மற்றது கூடும். ஒருவரை அவருடைய சொந்தப் பதிவோடு மட்டும் ஒப்பிடுவதும், நாட்டுச் சனத்தொகைக்குள் தேடுவதும் ஒன்றல்ல. வேற்றாளை ஏற்பது ஆயிரத்தில் ஒன்று என்றால், 2 கோடிப் பதிவுக்குள் ஒரு விரலைத் தேடும்போது 20,000 பேர் பொருந்தி வருவார்கள். இதைப் பிரித்துவிட்டுச் சண்டை பிடியுங்கள்.

மின்பொறி:
பாடத்தைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள், ரீச்சர். நான் சொன்னது 99.9. அதை மறுக்க யாரிடமாவது எண் இருக்கிறதா?

உரும்பிராய் மகள்:
இருக்கிறது. இந்தியாவில் ஆதார் என்ற அடையாள எண்ணுக்குப் பத்து விரலும் இரண்டு கண்ணும் பதிகிறார்கள். அந்த அரசின் 2016-17 பொருளாதார ஆய்வறிக்கையே, ஜார்க்கண்டில் அடையாளச் சரிபார்ப்பு 49 வீதமும் ராஜஸ்தானில் 37 வீதமும் தோற்றதாக மதிப்பீடுகளை எடுத்துச் சொன்னது. அங்கேயும் மண்வெட்டி பிடிக்கிற கைகள்தான். உம்முடைய ஆயிரம் விரலில் மண்வெட்டி பிடித்த விரல் எத்தனை?

மின்பொறி:
இணையம் அறுந்தாலும் அங்கே தோல்வி என்றுதான் பதிவாகும். மேலும், ரேகை அழிவதில்லை. அதன் வடிவம் உள்தோலில் இருக்கிறது. சில வாரம் தோட்ட வேலையை நிறுத்தினால் திரும்ப வரும். கைநாட்டுக் காலத்திலேயே நிற்பவர்களுக்கு இதை விளக்குவது கடினம்.

தமிழாசான்:
சொல்லுக்கு முதலில் ரகரம் வராது. 'இரேகை' என்று எழுதுங்கள்.

குருநகரான்:
அப்படியானால் கணக்கு ரீச்சரை 'இரீச்சர்' என்று கூப்பிடவா, ஐயா? ஒரு பெண்ணின் சம்பளம் போயிருக்கிறது, உங்களுக்கு இகரம்தான் குறை.
மின்பொறி, இயந்திரம் ஏற்றாலும் எனக்குப் பயம்தான். 2004இல் மட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில் கிடைத்த ஒரு விரலடையாளத்தை வைத்து பிரண்டன் மேபீல்ட் என்ற அமெரிக்கச் சட்டத்தரணியை எஃப்பிஐ இரண்டு வாரம் அடைத்து வைத்தது. கணினி தந்த பட்டியலில் அவர் இருந்தார், நிபுணர்களும் ஆம் என்றார்கள். கடைசியில் ஸ்பெயின் பொலிஸ் அது வேறொருவருடையது என்று கண்டுபிடித்தது. அங்கே இரண்டு வாரத்தில் விட்டார்கள். இந்த யாழ்ப்பாணத்தில் பிடித்துக்கொண்டு போனவர்களைத் தேடி இன்னும் தாய்மார் தெருவில் இருக்கிறார்கள்.

மின்பொறி:
அது மனிதர் விட்ட பிழை. அதுவும் பழைய கதை.

குருநகரான்:
புதியது வேண்டுமா? 2017இல் கார்டிஃபில் உதைபந்தாட்ட இறுதிப் போட்டிக்கு முகம் அறியும் கமரா வைத்தார்கள். 2,470 தடவை 'தேடப்படுபவர் இவர்தான்' என்றது. 2,297 தடவை பிழை.

மின்பொறி:
அது முகம். பேச்சு விரலைப் பற்றியது. விரலில் 99.9.

உரும்பிராய் மகள்:
முதலில் அந்தக் 'கைநாட்டு' என்ற சொல்லைத் திரும்ப எடும். என் அம்மா எட்டாம் வகுப்பு வரை படித்தவர், குண்டு குண்டாக அழகாகக் கையொப்பம் வைப்பார். அந்தக் கையொப்பத்தை வேண்டாம் என்று சொல்லித்தான் விரலைக் கேட்கிறார்கள். கைநாட்டுக் காலத்துக்குத் திரும்பியது யார்?
தோட்டத்தை நிறுத்தச் சொல்கிறீர். வெங்காயம் கிண்டுகிற நேரத்தில் ரேகை வளரட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியுமா? இங்கே சுன்னாகத்தில் கிணற்றுத் தண்ணீரில் எண்ணெய் மிதந்தபோதும் அறிக்கையைத்தான் நீட்டினீர். எங்கள் வாளியை எட்டிப் பார்க்கவில்லை.

மின்பொறி:
கிணற்றை ஏன் இழுக்கிறீர்? அன்று நான் சொன்னதும் சரிதான். 'கைநாட்டு' உம்முடைய அம்மாவைச் சொன்னதல்ல. வேறு விரலைப் பதியச் சொல்லும், தீர்ந்தது.

உரும்பிராய் மகள்:
பதிந்தார். சுட்டுவிரலில் கத்தி வெட்டிய தழும்பு, அது ஒரு கிழமைகூட ஓடவில்லை. நடுவிரலும் பார்த்தாயிற்று. பத்து விரலையும் காட்டிய பிறகும் பிழை விரலில்தானா?

கணக்கு ரீச்சர்:
நான் கேட்ட கேள்விக்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

மின்பொறி:
ஒரு ஆளின் பத்து விரலும் ஒரு ஆள்தான். ஆயிரத்தில் அந்த ஒருவர் உம்முடைய அம்மா என்று வைத்துக்கொள்ளும்.

உரும்பிராய் மகள்:
அதே அலுவலகத்தில் துப்புரவு வேலைக்கு நான்கு பெண்கள். அதில் மூன்று பேருக்கு இதே கதை. ஆயிரத்தில் ஒருவர் என்றால் மூன்று பேருக்கு 3,000 பேர் வேண்டும். மிச்சம் 2,996 பேரை நீர் கூட்டிக்கொண்டு வாரும். காலை 7.50க்கு வாசலில் நிற்கிறோம்.

தமிழாசான்:
'இரேகை' பற்றி நான் சொன்னதில் மாற்றமில்லை.