கடல்நீர்த் தொட்டிக்கு யுவி: வெள்ளைப்புள்ளிக்கும் பழுப்புக் கொழகொழப்புக்கும் ஒரே மருந்தா?

நீலத்தொட்டி
வணக்கம். 4x2x2 அடி தொட்டி, கீழே சம்ப் (வடிகட்டும் துணைத்தொட்டி). பாறை, மணல் போக சுமார் 400 லிட்டர் தண்ணீர். சம்ப் நீரை மேலே திருப்பி அனுப்புற ரிட்டர்ன் பம்ப் மணிக்கு 3000 லிட்டர். ஒரு ஜோடி கோமாளி மீன், ஒரு பவுடர் ப்ளூ டாங் மீன், கொஞ்சம் சாஃப்ட் கோரல் (மென்பவழம்) இருக்கு. டாங் மேல வெள்ளைப்புள்ளி வந்து, தானா மறைஞ்சு, இப்ப இன்னும் அதிகமா வந்திருக்கு. இன்னொரு பக்கம் மணல் மேல பழுப்பு நிறத்துல கொழகொழன்னு படருது. உள்ளே காற்றுக்குமிழி, லைட் அணைஞ்சா குறையுது, மறுநாள் மதியம் திரும்ப நிக்குது. நைட்ரேட், பாஸ்பேட் ரெண்டும் சோதனையில் பூஜ்யம். 18 வாட் யுவி (நீரைப் புற ஊதா விளக்கு வழியா ஓடவிடுற கருவி) போட்டா ரெண்டுமே போயிடும்னு கடையில சொல்றாங்க. வாங்கலாமா? ரிட்டர்ன் லைன்ல நேரா மாட்டினா போதுமா?

பவழத்திட்டு
நண்பரே, முதலில் டாங்கைப் பார்ப்போம். புள்ளி மறைஞ்சதும் நோய் போயிடுச்சுன்னு நினைக்கிற இடத்துலதான் பலர் மீனை இழக்கிறாங்க. வெள்ளைப்புள்ளியை உண்டாக்கும் ஒட்டுண்ணியான கிரிப்டோகேரியான் மீனின் தோலுக்கு அடியில் மூணு முதல் ஏழு நாள் தின்று வளரும், பிறகு உதிர்ந்து மணலிலும் பாறையிலும் கூடு கட்டிக்கொள்ளும். அந்தக் கூடு சில நாளிலும் வெடிக்கும், வாரக்கணக்கில் தூங்கவும் செய்யும். வெடித்து வெளியே வரும் குஞ்சுகள் ஓரிரு நாளுக்குள் ஒரு மீனைப் பிடித்தாக வேண்டும். யுவி அடிக்கக்கூடியது இந்தக் கடைசிக் கட்டத்தை மட்டும்தான். தோலுக்குள் இருப்பதையும் கூட்டுக்குள் இருப்பதையும் அந்த ஒளி தொடவே தொடாது.

அதிலும் ஒரு கணக்கு இருக்கு. மணிக்கு 400 லிட்டர் யுவி வழியாப் போனா, ஒரு மணி நேரத்தில் முழுத் தொட்டியும் சுத்தமாயிடாது. சுத்தமான நீர் திரும்ப அழுக்கு நீரோடவே கலக்குது. ஒரு சுற்று ஓடி முடிஞ்ச பிறகும் சுமார் 37 சதவீதத் தண்ணீர் விளக்கைப் பார்த்தே இருக்காது. மீன் தூங்கும் பாறை இடுக்கிலேயே கூடு வெடிக்குது. குஞ்சுக்கு அதிக தூரம் நீந்த வேண்டிய அவசியமே இல்லை. அதனால யுவி தொற்றின் அளவைக் குறைக்கும், ஒழிக்காது. ஓட்டுவதா இருந்தா 24 மணி நேரமும் ஓட்டுங்க. லைட்டோட சேர்த்து டைமர்ல போடாதீங்க, குஞ்சுகள் பெரும்பாலும் விடியலுக்கு முந்தைய இருட்டில்தான் வெளியே வருது.

மீன்கள் மூணையும் தனித்தொட்டிக்கு மாத்தி தாமிர மருந்து கொடுப்பதுதான் வழி. பெரிய தொட்டியை 76 நாள் மீன் இல்லாம விடுங்க, கோரல் அங்கேயே இருக்கட்டும்.

குழாய்க்காரர்
பொருத்துவது பத்தி நான் சொல்றேன்.

ரிட்டர்ன் லைன்ல நேரா மாட்டினா மணிக்கு 3000 லிட்டர் பாயும். 18 வாட் விளக்குக்கு அது ரொம்ப வேகம். பாசி, பாக்டீரியா கொஞ்சம் சாகும், ஒட்டுண்ணி மயங்கக்கூட மயங்காது. பெட்டி மேல போட்டிருக்கிற "அதிகபட்ச நீரோட்டம்" பல நேரம் புது விளக்குக்கும் லேசான பாசிக்கும் சொன்ன எண். நல்ல தயாரிப்பாளர் பாசிக்கு ஒரு எண், ஒட்டுண்ணிக்கு ஒரு எண்ணுன்னு தனித்தனியா தருவார்; ரெண்டாவது எண் முதலாவதைவிட மிகக் குறைவா இருக்கும். அந்த ரெண்டாவது எண் இல்லாத பொருளை விட்டுடுங்க.

உங்க அளவுக்கு 36 வாட், முடிஞ்சா 55 வாட். மணிக்கு 600 முதல் 800 லிட்டர் வரை வைங்க. அளக்கிறது சுலபம்: யுவியிலிருந்து வெளியே வரும் குழாயை 10 லிட்டர் வாளியில் விடுங்க. 60 நொடியில் நிறைஞ்சா மணிக்கு 600, 45 நொடின்னா 800. பம்ப் பெட்டியில் அச்சடிச்ச எண்ணை நம்ப வேண்டாம், உயரம் ஏற ஏற அது குறையும்.

ரெண்டு பக்கமும் யூனியனும் (திருகிக் கழட்டக்கூடிய இணைப்பு) பால் வால்வும் கட்டாயம். இல்லைன்னா ஒவ்வொரு தடவை கழட்டும்போதும் குழாயை அறுக்கணும். படுக்கை வாட்டத்தில் வைக்கிறதா இருந்தா நீர் வாய் ரெண்டும் மேல் நோக்கி இருக்கணும். கீழ் நோக்கினா மேலே காற்று தங்கிடும், அந்த இடத்தில் ஸ்லீவ் (விளக்கை மூடியிருக்கிற குவார்ட்ஸ் கண்ணாடிக் குழல்) சூடாகும். நீர் நிரம்பாம விளக்கைப் போடாதீங்க. மின்வெட்டு அதிகமுள்ள ஊர்னா, பம்ப் இன்வெர்ட்டரில் இல்லாம விளக்கு மட்டும் இன்வெர்ட்டரில் எரியுற மாதிரி வயரிங் செய்யாதீங்க. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி (மின்கசிவு வந்தா மின்சாரத்தைத் துண்டிக்கிற சுவிட்ச்) வேணும், வயர் பிளக்குக்குக் கீழே ஒரு தடவை தொங்கி மேலே ஏறணும். எரியுற விளக்கை நேரா பார்க்கவே கூடாது. கண்ணும் தோலும் சில நிமிஷத்திலேயே பாதிக்கும்.

பராமரிப்புதான் எல்லாரும் விடுற இடம். குவார்ட்ஸ் ஸ்லீவ் மேல சுண்ணாம்பு வெள்ளையாப் படியும். ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவை மின்சாரத்தைத் துண்டிச்சு, கழட்டி, வினிகரில் அரை மணி ஊறவச்சு மெல்லிய துணியால் துடைங்க. விளக்குக் கண்ணாடியில் விரல் படக்கூடாது. பட்டா ஸ்பிரிட் தொட்டுத் துடைங்க. ஓ-ரிங்குக்கு (நீர் கசியாம தடுக்கிற ரப்பர் வளையம்) சிலிகான் கிரீஸ் மட்டும், வாசலின் ரப்பரை ஊதவைக்கும். விளக்கு சுமார் 8000 முதல் 9000 மணி நேரத்தில் தேயும். அதுக்குப் பிறகும் நீலமா அழகா எரியும், ஆனா 254 நானோமீட்டர் ஒளி போதுமான அளவு இருக்காது. ஆண்டுக்கு ஒரு விளக்கு, மாத்தின தேதியை உறை மேலேயே எழுதி ஒட்டுங்க.

மணலடி
குழாய்க்காரர் சொன்னதில் எல்லாம் சரி, ஆனா நீரை எங்கிருந்து எடுக்கணும்னு அவர் சொல்லலை; இந்தத் தொட்டிக்கு யுவிக்கான நீரை சம்ப்ல இருந்து எடுக்க வேண்டாம்னு நான் சொல்வேன். பழுப்புக் கொழகொழப்பு, உள்ளே குமிழி, ராத்திரி குறையுது, நைட்ரேட் பூஜ்யம்: கிட்டத்தட்ட டைனோஃபிளாஜெல்லேட்தான் (சுருக்கமா டைனோ, ஒரு செல் நுண்ணுயிர்). உறுதி செய்ய, கொஞ்சம் உறிஞ்சி எடுத்து ஒரு டம்ளர் தொட்டி நீரில் நல்லாக் குலுக்கி, காபி ஃபில்டர் தாளில் வடிங்க. வடிந்த நீரை வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் வைச்சா, மறுபடி நூல் நூலாச் சேர்ந்தா டைனோ. அடுத்து எந்த வகை டைனோன்னு பார்க்க 400 மடங்கு காட்டும் சாதாரண நுண்ணோக்கி போதும். ஒரு முனை கூரான விதை மாதிரி, ஒரே புள்ளியில் கட்டிவச்சதுபோலச் சுத்தினா ஆஸ்ட்ரியாப்சிஸ். மணல் மேல தட்டையா வழுக்கிப் போனா ஆம்ஃபிடினியம்.

இதைத் தெரிஞ்சுக்காம யுவி வாங்கினா பணம் வீண். ஆஸ்ட்ரியாப்சிஸ் ராத்திரி நீரில் மிதக்கும், யுவியில் சிக்கும். பெரிய ஆம்ஃபிடினியம் மணலை விட்டு வராது; அதுக்கு எவ்வளவு வாட் போட்டாலும் பயனில்லை.

முதல் வகைன்னா, மெயின் தொட்டியிலேயே சின்ன பம்ப் போட்டு, யுவிக்கு அனுப்பி, மறுமூலையில் திரும்ப விடுங்க. 11 லிட்டருக்கு ஒரு வாட் கணக்கு, அதாவது உங்களுக்கு 36. லைட் அணைஞ்சதும் மணலை ஊதிக் கலக்கி விடுங்க. செத்த ஆஸ்ட்ரியாப்சிஸ் நச்சு விடும், நத்தை சாகும். அதனால ஆக்டிவேட்டட் கார்பன் அந்த நாட்களில் கட்டாயம். நைட்ரேட்டை 5 பிபிஎம்முக்கும் (பத்து லட்சத்தில் 5 பங்கு) பாஸ்பேட்டை 0.05 முதல் 0.1க்கும் ஏத்துங்க. பூஜ்யத்தில் வச்சிருந்தா மத்த பாசி, பாக்டீரியா பட்டினி கிடக்கும், டைனோ தனியா ஆளும்.

நீலத்தொட்டி
ரொம்ப நன்றி. ரெண்டு சந்தேகம். தனித்தொட்டியில் தாமிரத்தோட யுவியும் ஓடலாமா? பெரிய தொட்டியில் யுவி போட்டா நல்ல பாக்டீரியாவும் சாகாதா?

பவழத்திட்டு
கூடாது. செலேட்டட் தாமிர மருந்தில் (தாமிரத்தை வேறொரு பொருளோட பிணைச்சு வச்சது) யுவி பட்டா அந்தக் கட்டு உடைஞ்சு தனித் தாமிரம் ஒரே வேளையில் வெளியே வரலாம், டாங் தாங்காது. தனித்தொட்டியில் பாறையும் மணலும் போடாதீங்க, தாமிரத்தை உறிஞ்சிடும், பி.வி.சி. குழாய்த் துண்டு போதும். இந்த செலேட்டட் தாமிரத்தின் அளவை நாலைஞ்சு நாளில் மெதுவா 2.5 பிபிஎம்முக்கு ஏத்தி, அங்கிருந்து 30 நாள் குறையாம வைங்க. கண்ணால் நிறம் பார்க்கிற கிட் போதாது, டிஜிட்டல் செக்கர் வாங்குங்க. டாங் சாப்பாட்டை நிறுத்தினா ஏத்துறதை நிறுத்தி அதே அளவில் ரெண்டு நாள் விடுங்க.

நைட்ரஜன் சுழற்சி பாக்டீரியா (மீன் கழிவின் அம்மோனியாவை மாத்துறது) பாறையில ஒட்டி வாழுது, யுவிக்குப் பயப்பட வேண்டாம். பாட்டில் பாக்டீரியாவோ கோப்பிபாடோ (இறால் இனத்தைச் சேர்ந்த மிகச் சின்ன உயிர்) ஊத்துறப்ப மட்டும் ரெண்டு நாள் விளக்கை அணைங்க. பம்ப் ஓடட்டும்; யுவி உறைக்குள் நீர் தேங்கி நின்னா நாறிடும், திரும்பப் போடும்போது அது அப்படியே தொட்டிக்குள்ள வரும்.